ராவுத்தர் கொடுத்த சொல்

அந்தக் குரங்கு என் புளிச்சோற்றை அவசரமே படாமல் சாப்பிட்டது.

ஐந்தருவிக்கு எதிரே ஒரு பெரிய பாறை. அதன் உச்சியில் உட்கார்ந்து, வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, நிலக்கடலையை மட்டும் முதலில் பொறுக்கித் தின்றது. பிறகு ஒரு கை சோற்றை அள்ளி முகர்ந்து பார்த்தது. பெருங்காயம் பிடிக்கவில்லையோ என்னவோ, பாதியைத் தண்ணீரில் உதறியது. கீழே ஈரத் தலையோடு நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரட்டக்கூடத் தோன்றவில்லை.

சாரல் காலம். விடிவதற்கு முன்பே தென்காசியிலிருந்து இரண்டு கூண்டு வண்டிகளில் புறப்பட்டிருந்தோம். முன்னும் பின்னும் திரை கட்டிய வண்டிகள். முஸ்லிம் தெருப் பெண்கள் அருவிக்குப் போவதென்றால் அப்படித்தான் போவார்கள். சீசன் கூட்டம் வந்து சேர்வதற்குள் குளித்து முடித்து, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கரையேறிவிட வேண்டும்.

அவர்கள் நடுவே நான் ஒருத்திதான் வேற்று வீட்டுப் பெண். சைவப் பிள்ளைமார் குடும்பத்துக் கைம்பெண். அவர்களுடைய பெண்பிள்ளைகளுக்கு டீச்சர். எனக்கும் வெள்ளைச் சேலைதான். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எங்களில் யார் எவர் என்று தெரிந்திருக்காது.

அருவிக்குள் நின்றபோது எங்களுக்கே அது தெரியவில்லை. தண்ணீர் தள்ளிய வேகத்துக்குப் பயந்து ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்திருந்தோம். என் வலது கையைப் பிடித்திருந்தவர் பாத்துமுத்தக்கா, மீராசா ராவுத்தர் வீட்டு அம்மாள். "விட்டுராதிய டீச்சரம்மா, விட்டுராதிய" என்று காதுக்குள் கத்திக்கொண்டே இருந்தார். அக்கா அப்படிக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கரையேறியதும் கையை விட்டோம்.

அவர்கள் பாய் விரித்துத் தேங்காய்ச்சோற்றுப் பானையைத் திறந்தார்கள். நான் வருகிறேன் என்பதற்காக அன்றைக்குக் கறி, மீன் எதுவும் கட்டிக்கொண்டு வரவில்லை. கத்தரிக்காய் போட்ட புளியாணக் குழம்பும் அப்பளமும்தான். நான் என் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வழக்கம்போலத் தள்ளிப்போய், அவர்களுக்கு முதுகு காட்டி உட்காரப் போனேன். அப்போதுதான் குரங்கு வந்தது.

"உம்மா, டீச்சரம்மா சோத்தக் கொரங்கு கொண்டுபோயிட்டு" என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள்.

பாயில் இருந்த எல்லோருடைய கையும் அப்படியே நின்றது.

இரண்டு நல்ல மனிதர்கள்

போன வாரம் என் டிரெயினிங் பள்ளிக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி வீடு தேடி வந்தார். காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்: "அந்தத் தெருவில் அத்தனை வருஷம் தனியாக இருந்தீர்களே, அவர்கள் உங்களை நன்றாக வைத்துக்கொண்டார்களா?"

தங்கமாக வைத்துக்கொண்டார்கள். என் கஷ்டமெல்லாம் அதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் அவருக்குப் புரியவில்லை. உங்களுக்காவது புரிகிறதா பார்ப்போம்.

எங்கள் ஊர் இலத்தூர். விவரம் தெரியாத வயதில் கல்யாணம், விவரம் தெரியத் தொடங்கிய வயதில் தாலி போயிற்று. அண்ணன் வீட்டு அடுப்படியில் ஆயுசு கழிய வேண்டியவள் எப்படிப் படித்தேன் என்பதை முன்பே எழுதிவிட்டேன். படித்து முடித்து வந்தால், தென்காசியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறந்திருந்தார்கள். திரைக்குள் வளரும் கோஷாப் பிள்ளைகளுக்கு ஆண் வாத்தியார் ஆகாது. பெண் வாத்தியாருக்கு எங்கே போவது? ஒரு வருஷமாகத் தேடிக் களைத்து, கடைசியில் மீராசா ராவுத்தர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

ராவுத்தருக்குப் பாக்கு, மிளகு வியாபாரம். செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் வண்டி போய் வந்துகொண்டிருக்கும். எங்கள் தோப்புப் பாக்கு அவர் அப்பா காலத்திலிருந்தே அவர்கள் கடைக்குத்தான். அண்ணனுக்கு அவர்மேல் தனி மரியாதை.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்தக் காலத்துப் பெண்களின் வாழ்க்கையில் முக்கியமானதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதுதான்.

"ஒங்க தங்கச்சி எங்க வீட்டுப் பிள்ளை மாதிரின்னு நான் சொல்ல மாட்டேன் பிள்ளைவாள்" என்றார் ராவுத்தர். "ஒங்க வீட்டுப் பிள்ளையாவே இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ரெண்டு அறை, தனி அடுப்பு, தனிக் கெணறு. எங்க அடுப்புல வெந்த பருக்கை ஒண்ணு அவுக வாய்க்குப் போவாது. தண்ணி போவாது. அவுக சமைச்சத அவுகதான் சாப்பிடணும். எங்க பந்தியில அவுகள யாரும் இருக்கச் சொல்ல மாட்டாக. இது என் சொல்லு."

அண்ணன் எழுந்து கும்பிட்டு, "அது போதும் அண்ணாச்சி. ஒங்க சொல்லுக்கு மேல எனக்கு என்ன வேணும்" என்றான்.

இரண்டு பேரும் நல்லவர்கள். ஒருவர் நம்பிக்கையை ஒருவர் கண்ணைப்போலப் பார்த்துக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு அப்போது பயம்தான் அதிகம். அந்தச் சொல்லைக் கேட்டு மனம் நிம்மதியாயிற்று.

பிள்ளைகள் என் சேலையைப் பிடித்து இழுக்கத் தொடங்கி, பாத்துமுத்தக்கா என் அறைக்கும் அவர் வீட்டுக்கும் நடுவிலிருந்த கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசத் தொடங்கி, நாளாக ஆகத்தான் அந்தச் சொல் என்னை என்ன செய்கிறது என்று தெரிந்தது.

கிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ராவுத்தர் வீட்டார் இறைத்துவந்த கிணறு அது. நான் வருகிறேன் என்று அதைத் தூர் வாரி, இறைத்து, எனக்கென்றே விட்டுவிட்டார். அவர் வீட்டுப் பெண்கள் தெருக்கோடிக்குப் போய்த் தண்ணீர் சுமந்தார்கள். "எதுக்குக்கா இவ்வளவு சிரமம், இங்கனயே இறைச்சிக்கிடுங்க" என்று நான் சொன்னால், "அவுக சொல்லிட்டாகளே" என்பார் பாத்துமுத்தக்கா. தெருக்கோடிக் கிணற்றடியில் பெண்கள் சிரித்துப் பேசுகிற சத்தம் எனக்குக் கேட்கும். என் கிணற்றில் என் வாளிச் சத்தம் மட்டும்தான்.

பெருநாள் வந்தால் எனக்கு ஒரு தட்டு வரும். பித்தளைத் தட்டில் அரிசி, பருப்பு, வாழைக்காய், தேங்காய், வெல்லம், மேலே ஒரு வெற்றிலைக் கட்டு. எல்லாம் வேகாதது. அடுப்புக்குப் போகாத பொருளுக்குத் தீட்டில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் தெருவில் யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்றாலும் முதல் தட்டு எனக்குத்தான் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் ஐம்பது பேர் பந்தியில் இருப்பார்கள். இந்தப் பக்கம் நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

பந்தலுக்கு வெளியே நின்றவர்

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ராவுத்தர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு அப்பா என்னை அழைத்துப் போயிருக்கிறார்.

இந்து விருந்தாளிகளுக்குத் தனிப் பந்தல். ஓலைத் தட்டிக்குப் பின்னால் பிராமணச் சமையல்காரர்கள். அரிசி, காய்கறி, பாத்திரம் எல்லாம் புதிது. ராவுத்தர் வீட்டு ஆள் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்பளமும் பாயசமுமாக எங்கள் ஆட்கள் ஒரு பிடி பிடித்தார்கள்.

எனக்கு நினைவிருப்பது ராவுத்தரின் தகப்பனார். கல்யாணத்தை நடத்துகிறவர் அவர். பந்தலுக்கு வெளியே, வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே வந்து "நல்லா சாப்பிடுங்க" என்று சொன்னால் சாப்பிடுகிறவர்களுக்குச் சங்கடம் என்று அவரே ஒதுங்கி நின்றார். விருந்து முடிந்து எல்லோரும் ஏப்பம் விட்டுக்கொண்டு வெளியே வந்ததும் ஒவ்வொருவராகக் கும்பிட்டு, "சாப்பாடு சரியா இருந்துதா?" என்று கேட்டார். அவருக்கே தெரியாது, சாம்பாரில் உப்பு இருந்ததா இல்லையா என்று.

அப்பா வழியெல்லாம் அவரைப் புகழ்ந்துகொண்டே வந்தார். மரியாதை தெரிந்த மனிதர் என்றார். மரியாதைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தன் வீட்டுப் பந்தலுக்குள் தானே போக முடியாமல் நின்ற அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அந்த முகத்தைப் பிற்பாடு என் கண்ணாடியில் அடிக்கடி பார்த்தேன்.

தெரு முழுக்க வாய் மூடும் நேரம்

நோன்பு மாதத்தில் அந்தி எனக்கு ரொம்பக் கனமான நேரம்.

மத்தியானத்திலிருந்தே பள்ளிவாசல் பக்கமிருந்து கஞ்சி வேகும் வாசனை வந்துகொண்டிருக்கும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், கடைசியில் புதினா. பொழுது சாயச் சாயப் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஓடுவார்கள். தெருவெல்லாம் சத்தமாக இருக்கும். நோன்பு திறக்கலாம் என்று நகரா முரசு முழங்கும். அவ்வளவுதான், அடுத்த நொடியே தெரு அடங்கிவிடும். எல்லா வீட்டிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் கஞ்சியை வாயில் வைத்திருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம் காக்கை பறந்தால்கூடக் கேட்கும்.

நான் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். பசி இருக்காது. ஆனால் யாராவது ஒரு கிண்ணத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போக மாட்டார்களா என்று இருக்கும். யாரும் வைக்கவில்லை. அத்தனை வருஷத்தில் ஒருவரும் வைக்கவில்லை. அவ்வளவு நாணயம் அந்தத் தெருவுக்கு.

சரி, நம்மவர்கள் பக்கம் போகலாமே என்றால், அங்கே கதை வேறு. வெள்ளிக்கிழமை தவறாமல் பெரிய கோயிலுக்குப் போவேன். இடிந்து இரண்டாகப் பிளந்து நின்ற கோபுரம் அப்போது. அதன் நடுவே தெரியும் வானத்தைப் பார்த்தபடிதான் நடப்பேன். கோயில் தெருவில் எங்களுக்குச் சொந்தக்கார வீடு ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். பிறகு நடையிலேயே வைத்துக் கொடுத்தார்கள். பிறகு, "இப்பதான் மோர் தீர்ந்துச்சு" என்றார்கள். நான் போனபின் செம்பைப் புளி போட்டுத் தேய்த்ததை ஒருநாள் கண்ணால் பார்த்தேன். அதன்பின் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

முஸ்லிம் வீட்டில் சாப்பிட்டிருப்பாள் என்று இவர்கள் ஒதுக்கினார்கள். சாப்பிட மாட்டாள் என்று அவர்கள் ஒதுங்கினார்கள். நடுவில் நான், என் ஒற்றை அடுப்பு.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். தடை எனக்குத்தானே தவிர என் சமையலுக்குக் கிடையாது. அவர்கள் என் கையால் எதையும் சாப்பிடலாம். எங்கள் வீட்டுச் சொதிக்கு அந்தத் தெருவே அடிமை. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், தேங்காய்ப்பால், இஞ்சி, இறக்கியபின் எலுமிச்சம்பழம். நான் சொதி வைக்கிற நாளில் சுவர்மேல் முதலில் பாத்துமுத்தக்காவின் கண் தெரியும், பின்னாலேயே கிண்ணம் தெரியும். ராவுத்தருக்குக் காய்ச்சல் என்றால் என் மிளகு ரசம்தான் போகும். கிண்ணம் என் பக்கமிருந்து நிறைந்து போகும். கழுவித் துடைத்துக் காலியாகத் திரும்பி வரும். வெறும் கிண்ணமாகக் கொடுக்கக் கூடாது என்று அக்கா அதில் ஒரு எலுமிச்சம்பழம் போட்டு அனுப்புவார்.

பாயின் ஓரம்

மறுபடி அருவிக்கு வருவோம். பாயில் இருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் மட்டும் என்னையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தன. அருவியில் குளித்துவிட்டு வந்த வயிறு எப்படிக் கேட்கும் என்று குற்றாலத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

"நீங்க சாப்பிடுங்கக்கா. எனக்குப் பசியில்ல" என்றேன்.

"நீங்க பட்டினியா இருக்க நாங்க சாப்பிடதா?" என்றார் பாத்துமுத்தக்கா.

அங்கே கடை ஒன்றும் இல்லை. வண்டிக்காரர் சுடலையைக் கூப்பிட்டு, குற்றாலம் போய்ப் பிராமணாள் ஓட்டலில் இட்டிலி வாங்கிவரச் சொன்னார். சுடலை வயதானவர். தலையைச் சொறிந்தார்.

"போறதுல ஒண்ணுமில்லம்மா. அந்த ஓட்டல் வாசல்படிய நான் மிதிக்கக் கூடாது. கொல்லப்பக்கம் நின்னு கேட்டா எப்பக் குடுப்பாகளோ. அப்படியே குடுத்தாலும் நான் தொட்டுக் கொண்டாந்தத டீச்சரம்மா சாப்பிடலாமா?"

ஒரு இட்டிலி என் வாய்க்கு வர எத்தனை பேர் வழிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் கணக்குப் புரிந்தது. சுடலையே போய் எங்கிருந்தோ ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கி வந்தார். பழத்துக்குத் தோல் இருக்கிறது. அதனால் பழம் மட்டும் யார் கையிலிருந்தும் வரலாம்.

நான் ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டேன். "ஆச்சு, சாப்பிட்டேன். இனி நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

"பழம் சோறாகுமா?" என்றார் அக்கா.

அப்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதானே நின்றேன்? என் தலையில் விழுந்த தண்ணீர்தானே இவர் தலையிலும் விழுந்தது? நான் எழுந்து போய் அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் ஒரு எலை போடுங்கக்கா. நானும் இங்கனயே இருந்து சாப்பிடுதேன்."

பாத்துமுத்தக்கா என்னையே பார்த்தார்.

"மெய்யாத்தான் சொல்லுதியளா?"

"மெய்யாத்தான்."

அக்கா இலை ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார். தண்ணீர் தெளித்தார். அகப்பையைப் பானைக்குள் விட்டு நிறைய அள்ளினார். தேங்காய்ப்பாலும் பட்டையும் மணக்க, ஆவி என் முகத்தில் அடித்தது. இன்றைக்கும் அந்த மணம் எனக்குத் தெரியும்.

அகப்பை அப்படியே நின்றது.

"எனக்கு எத்தன நாளா ஆசைன்னு படைச்சவனுக்குத் தெரியும்" என்றார். "வச்சிருவேன். வச்சிட்டு வீட்டுக்குப் போயி அவுக மூஞ்சியில எப்படி முழிப்பேன்? ஒங்க வாசல்ல வந்து சொல்லு குடுத்த மனுசன். அவுக என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாக. கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"இத்தன பிள்ளைய இருக்கே. நாளைக்கு ஒண்ணு வெளையாட்டாச் சொல்லும், டீச்சரம்மா எங்ககூட இருந்து சாப்பிட்டாகன்னு. அந்த ஒத்த வார்த்த போதும். ஒங்க அண்ணாச்சி அன்னைக்கே வண்டி கட்டிட்டு வந்துருவாக. இந்துப் பொம்பளைய மதம் மாத்துதாகன்னு ஊரு பேசும். பள்ளிக்கூடத்த இழுத்துச் சாத்திருவாக. எம்பிள்ள ஜைனம்பு இப்பத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கா."

ஜைனம்பு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாயில் விரல் வைத்து என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளிக்கூடம் போனால் அவளும் தெருவில் இருக்கிற மற்றப் பிள்ளைகளும் மறுபடி கதவுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான். நானும் இலத்தூர் அடுப்படிக்குப் போக வேண்டியதுதான். அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

இலையை நானே எடுத்து மடித்தேன்.

அக்கா பிள்ளைகளுக்கெல்லாம் பரிமாறினார். தனக்கு இலை போட்டுக்கொள்ளவில்லை. பானையை மூடிவிட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தார். என் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துக்கொண்டார். இரண்டு பேரும் மட்டிப்பழம் சாப்பிட்டோம். அக்காவும் நானும் வாழ்நாளில் சேர்ந்து இருந்து சாப்பிட்டது அந்த ஒருநாள்தான்.

இரண்டு வெள்ளைச் சேலை

பிறகு யுத்தம் வந்தது. அரிசிக்குக் கார்டு வந்தது. அண்ணன் ஒரு மாசியில் போய்விட்டான். அடுத்த மழைக்காலத்தில் செங்கோட்டைக்குப் போய்த் திரும்பிய மீராசா ராவுத்தர் காய்ச்சலில் படுத்தார். என் ரசம்தான் கடைசிவரை போயிற்று. கிண்ணம் ஒருநாள் தொடாமலே திரும்பி வந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மௌத்தான வீட்டில், அதாவது சாவு வீட்டில், அடுப்பு மூட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் சோறு கொடுத்து அனுப்புவார்கள். மறுநாள் பகல் என் முறை என்று நானாகவே சொல்லிவிட்டேன். அந்த வீட்டுக்கு வந்த உறவுக்காரர் அத்தனை பேரும் என் கைச்சோற்றைச் சாப்பிட்டார்கள்.

பாத்துமுத்தக்கா இத்தா இருந்தார். புருஷன் போனவர்கள் நாலு மாதத்துக்கு மேல் உள்ளறையிலேயே வெள்ளை உடுத்தி இருக்க வேண்டும்; ஆண்கள் பார்க்கக் கூடாது. நான் பள்ளிக்கூடம் விட்டதும் தினம் போய் உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேரும் வெள்ளை. அக்கா என் சேலை முந்தானையை எடுத்துத் தன்னுடையதோடு சேர்த்துப் பார்த்து, "ஒங்களுது வெளுப்பு நல்லாருக்கு" என்றார். அதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தேன்.

அந்த நாட்களில் எனக்குள் ஒரு ஆசை வளர்ந்தது. சொல்ல வெட்கமில்லை. சொல் கொடுத்தவர் இல்லை. வாங்கியவனும் இல்லை. பள்ளிக்கூடம் வேர்விட்டு நின்றுவிட்டது. என்னிடம் படித்த பெண் ஒருத்தியே கீழ் வகுப்புக்கு டீச்சராக வந்துவிட்டாள். இனி யாருக்கு என்ன போகும்? அக்கா இத்தாவை விட்டு எழுகிற அன்று என்னைக் கூப்பிட்டு ஒரு இலை போடுவார் என்று நினைத்தேன். போடாவிட்டாலும், சுவருக்கு மேலே ஒரு கிண்ணமாவது வரும். அதை எப்படி வாங்குவேன், முதல் வாயை எப்படி வைப்பேன் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அன்றைக்கு நான் உலையே வைக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்து அந்த வீட்டில் பெண்கள் கூட்டம். நெய்ச்சோறு மணம் சுவர் தாண்டி வந்தது. உச்சி வேளைக்குச் சற்று முன் ஜைனம்பு வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இடுப்பில் ஒரு குழந்தை. மற்றக் கையில் தட்டு, மேலே வெள்ளைத் துணி மூடியிருந்தது.

"உம்மா ஒங்க கையில குடுக்கச் சொன்னாக."

இரண்டு கையாலும் வாங்கினேன். தட்டின் அடியில் விரல்கள் பட்டன. சூடு இல்லை.

அவள் போகும்வரை துணியை எடுக்கவில்லை. எடுத்தபோது ரேஷன் அரிசி இருந்தது, பொறுக்கிச் சுத்தம் செய்த அரிசி. ஒரு தேங்காய். பாசிப்பருப்பு. இரண்டு முருங்கைக்காய். ஒரு துண்டு இஞ்சி. ஒரு எலுமிச்சம்பழம்.

அடுப்பு மூட்டினேன். கண்ணில் புகை பட்டதால்தான் தண்ணீர் வந்தது என்று சொல்லமாட்டேன். அழுதுகொண்டேதான் தேங்காய் துருவினேன்.

சொதியும் சோறும் ஆனதும் பாதியைத் தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா உள்ளறையிலேயே இருந்தார். நெய்ச்சோற்றை அவர் தொடவில்லை என்று ஜைனம்பு சொன்னாள். என் தூக்கைத் திறந்ததும் கண்ணை மூடி முகர்ந்தார்.

"இதத்தான் இத்தன மாசமா நெனைச்சிக்கிட்டே இருந்தேன்" என்றார்.

"நான் வேற ஒண்ணு நெனைச்சிக்கிட்டு இருந்தேங்க்கா" என்றேன்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் தூக்கின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுக இருந்த மட்டும் அவுக குடுத்த சொல்ல அவுகளே பாத்துக்கிட்டாக" என்றார். "எனக்கு அவுக விட்டுட்டுப் போனதுல அதுவும் ஒண்ணு டீச்சரம்மா. நான் இல்லாம அதுக்கு வேற யாரு இருக்கா?"

பிறகு சாப்பிட்டார். சோற்றைப் பிசைந்து, முருங்கைக்காயைச் சப்பி, விரலை வழித்து, பசித்த பிள்ளையைப்போலச் சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று கேட்டு ஊற்றினேன்.

தூக்கைக் கழுவித் துடைத்து, ஒரு எலுமிச்சம்பழம் போட்டுக் கொடுத்தார்கள்.

என் அறைக்கு வந்து, மீதிப் பாதிக்கு இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உப்பும் புளிப்பும் சரியாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டே சாப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.